போனில் கண் சோதிக்கிற ஆப் ஒன்று தோட்டத்துக்குப் போதுமா?

மவுசாக்கலைக்காத்து · பெப்ரவரி 2, இரவு 8.10

எங்க தேயிலைத் தோட்ட இளைஞர் கழகத்துக்கு ஒரு பழைய அண்ட்ரொய்ட் போன் கிடைச்சிருக்கு. கண் முகாம் எப்பவாவதுதான் வருது. வந்தாலும் கொழுந்து கூடின நாளில் வந்து நிற்கும், பாதிப்பேர் மலையில் இருப்பாங்க. லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வயசானவங்க நிறையப் பேருக்குக் கண்ணில் பூ. போனிலேயே பார்வை சோதிக்கலாமாம். வீடு வீடாப் போய் சோதிச்சு, கண்ணைப் படம் பிடிச்சு டொக்டர் ஒருத்தருக்கு வட்ஸ்அப்பில் போட்டால் குருட்டைத் தடுத்துடலாம்தானே? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

இஸ்தோப்பு · பெப்ரவரி 2, இரவு 9.35

தம்பி, ஆப் குருட்டைத் தடுக்காது. யாரை முதலில் பஸ் ஏத்தணும்னு சொல்லும், அவ்வளவுதான். அதையும் சரியாச் சொல்ல வைக்கக் கொஞ்சம் வேலை இருக்கு.

பீக் அக்யுட்டி என்கிற இலவச ஆப்பைப் போடுங்க. கண் டொக்டர் அண்ட்ரூ பஸ்தவ்ரஸின் குழு கென்யாவின் நகூரு பக்கம் சுவர் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து 2015இல் முடிவை வெளியிட்டது. திரையில் ஆங்கில ஈ எழுத்து நாலு பக்கமும் திரும்பித் திரும்பி வரும். (தமிழ் ஈ இல்லை. அதைத் திருப்பினால் சோதிக்கிறவருக்கே தலை சுத்தும்.) எழுத்து தெரியத் தேவையில்லை. ஈயின் மூணு காலும் எந்தப் பக்கம்னு மூணு விரலை நீட்டிக் காட்டினால் போதும். போனைப் பிடிச்சிருக்கிறவர் திரையைப் பார்க்கவே கூடாது. பார்த்தால் முகமே விடையைச் சொல்லிக் குடுத்துடும். எதிரில் இருக்கிறவர் கை எந்தச் சுவர்ப் பக்கம் போகுதோ அந்தச் சுவர்ப் பக்கம் திரையில் விரலை இழுங்க. 'அவருக்கு வலம், எனக்கு இடம்' என்று மனசில் மாத்தப் போனால் பிழையாகும்.

தூரம் 2 மீட்டர். அடியால் அளக்காதீங்க, கயிறு வெட்டி வச்சுக்குங்க. ஒரு நுனி போனோடு, மறுநுனி அவர் கண்ணோரம். காலடியோ கதிரையோ கணக்கில்லை. 6/12 என்றால் நல்ல கண் 12 மீட்டரில் பார்க்கிறதை இந்தக் கண் 6 மீட்டரில்தான் பார்க்கும் என்று அர்த்தம். அரை மீட்டர் கிட்ட வந்துட்டால், 6/16 மட்டுமே தெரியிற கண் 6/12 என்று பாஸாகிடும்.

அடிமட்டத்தால் ஒருதரம் சரிபாருங்க. 2 மீட்டருக்கு 6/6 ஈயின் உயரம் 2.9 மி.மீ, 6/12க்கு 5.8, 6/18க்கு 8.7, 6/60க்கு 29 மி.மீ. திரையில் அளந்தது இதோடு ஒத்துவராட்டி அந்தப் போனில் அந்த ஆப்பை நம்பாதீங்க. பழைய போனில், அதுவும் திரை மாத்தின போனில், இதை விடவே கூடாது.

இஸ்தோப்பு · பெப்ரவரி 2, இரவு 9.52

விட்டுப்போனது: திரை வெளிச்சம் முழுசா இருக்கணும். தானாக் கூடிக்குறையிற வசதி, இரவுக்கு மஞ்சளாகிறது, பட்டரி மிச்சம் பிடிக்கிறது மூணையும் அணைங்க. பட்டரி குறைஞ்சால் சில போன் கேட்காமலே திரையை மங்கலாக்கும்.

இடம், லயத்தின் இஸ்தோப்பு, அதாவது முன் விறாந்தை. (பேருக்காகச் சொல்லலை.) காம்பராவுக்குள் இருட்டு, முற்றத்தில் வானம் திரையில் விழும். சோதிக்கப்படுகிறவர் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் வானம் திரையில் பட்டு ஈ மறைஞ்சிடும். போன் பிடிக்கிறவர் வாசலை முதுகில் வச்சு நின்றால் எதிரே உள்ளவருக்குக் கண் கூசும். வெளிச்சம் ரெண்டு பேருக்கும் பக்கவாட்டில் விழட்டும்.

மவுசாக்கலைக்காத்து · பெப்ரவரி 3, காலை 6.20

எத்தனை தரம் சரியாச் சொன்னால் பாஸ்?

இஸ்தோப்பு · பெப்ரவரி 3, நண்பகல் 12.40

ஆப் தானாகவே கணக்கு வைக்கும். அட்டையில் கையால் செய்தால் அஞ்சுக்கு நாலு. மூணுக்கு ரெண்டு போதும்னு இரக்கம் காட்டாதீங்க. நாலு திசைதானே, குருட்டாம்போக்கில் சொன்னாலே ஏறத்தாழ ஆறில் ஒருத்தர் அப்படிப் பாஸாகிடுவார். அஞ்சுக்கு நாலு என்றால் நூறில் ரெண்டு பேர்கூட வராது.

ஒரு கண்ணை மூடுறது உள்ளங்கையால், அழுத்தாமல். விரலால் மூடினால் பிள்ளைகள் இடுக்கால் பார்க்கும், பெரியவங்க அமுக்கிடுவாங்க. அமுக்கின கண்ணை அடுத்ததாச் சோதிச்சால் கொஞ்ச நேரம் மங்கலாத்தான் தெரியும். கண்ணாடி போடுறவர் கண்ணாடியோடயே சோதிக்கணும். வலது முதலில், எப்பவும். ஒழுங்கு மாறினால் கொப்பியில் வலம் இடம் மாறும்.

6/12 தெரியாதவருக்கு உடனே ஊசித்துளை வச்சுப் பாருங்க. கறுப்பு அட்டையில் குண்டூசியால் ஒரு துளை. அதுவழியாப் பார்த்துத் தெளிஞ்சால் அநேகமாகக் கண்ணாடிப் பிரச்சினை. தெளியாட்டி புரை, விழித்திரை, கருவிழித் தழும்பு, இப்படி ஏதோ ஒன்று. அவருக்குக் கண்ணாடிக் கடையில் வேலையில்லை, கண் கிளினிக்கில்தான்.

வெறுந்தேத்தண்ணி · பெப்ரவரி 3, இரவு 10.05

கண்ணில் பூ என்று ஒரு சொல்லில் மூணு வருத்தத்தைப் போட்டுட்டீங்க. கிளினிக்கில் இதே குழப்பம்தான்.

இஸ்தோப்பு · பெப்ரவரி 4, காலை 5.50

உண்மை. படம் பிடிக்கிறதில் பாதிப் பிரயோசனம் இதைப் பிரிக்கிறதுதான்.

கண்மணிக்குள்ளே, ஆழத்தில், சாம்பல் வெள்ளையாத் தெரிஞ்சால் புரை. ஒப்பரேஷன் செய்தால் பெரும்பாலானவங்களுக்குப் பார்வை திரும்பும். மேலே, கருவிழியிலேயே வெள்ளைப் பொட்டு இருந்து அதன் பின்னால் உள்ள கபில வட்டத்தை மறைச்சால் பழைய தழும்பு அல்லது புண். கண் சிவந்து வலியும் இருந்தால் புண்ணென்றே வச்சு அன்றைக்கே அனுப்புங்க. மூக்குப் பக்கத்திலிருந்து முக்கோணமா இறைச்சித் துண்டு மாதிரி ஏறி வந்தால் சதை வளர்ச்சி. வெயில், காத்து, தூசியில் வேலை செய்கிறவங்களுக்கு வரும். கண்மணியைத் தொடாத வரை அவசரமில்லை. எது என்று தெரியாட்டி பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுங்க. பூ மேலேயா உள்ளேயா என்பது அதில் பிடிபடும்.

போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டு போகாதீங்க. 20–25 செ.மீ தள்ளி நின்று இரண்டு மடங்கு சூம். போன் பிளாஷ் நேராப் பட்டால் கருவிழி நடுவில் வெள்ளைப் புள்ளி விழுந்து அதுவே பூ மாதிரித் தெரியும். பிளாஷை அணைச்சுட்டு, இன்னொருத்தர் சின்ன டோர்ச்சைக் காதுப் பக்கத்திலிருந்து சரிவாப் பிடிக்கட்டும். ஒரு கண்ணுக்கு மூணு படம்: நேராப் பார்த்து, மேலிமையைத் தூக்கி, கீழிமையை இறக்கி. இமையைத் தொடுமுன் கை கழுவுங்க. கண் நோயுள்ளவரைத் தொட்ட கையோடு அடுத்தவரிடம் போனால் லயம் முழுக்கச் சிவந்திடும்.

இஸ்தோப்பு · பெப்ரவரி 4, இரவு 8.30

என் பிழை ஒன்று. குண்டூசித் துளை சின்னது. வெளிச்சம் குறைஞ்சு, நல்ல கண்ணுக்கும் மங்கலாத் தெரியும். துளை 1.2 மி.மீ வேணும். டிஸ்பென்சரியில் இளஞ்சிவப்புத் தலை வச்ச 18ஆம் நம்பர் ஊசி கேளுங்க, புதுசு. அதன் வெளி விட்டம் அதேதான். ஒரே துளை வச்சால் வயசானவங்க கை நடுங்கித் தேடிக்கிட்டே இருப்பாங்க. 3–4 மி.மீ இடைவெளியில் ஆறேழு துளை போட்டுடுங்க.

வெறுந்தேத்தண்ணி · பெப்ரவரி 5, இரவு 9.15

சீனி வருத்தக்காரரை மறந்துட்டீங்க. விழித்திரையில் இரத்தக் கசிவு இருக்கிறபோதே 6/6 வாசிக்கிறவங்க உண்டு. மங்கலாகுது என்று அவங்களே வரும்போது நேரம் போயிருக்கும். குளோக்கோமாவும் அப்படித்தான், ஓரப் பார்வையைத் தின்று நடுவைக் கடைசியில்தான் தொடும். உங்க ஆப்பில் ரெண்டு பேரும் பாஸ்.

இஸ்தோப்பு · பெப்ரவரி 6, இரவு 9.40

ஒத்துக்கிறேன். சீனி உள்ளவருக்கு ஆப் முடிவு எதுவானாலும் வருஷத்துக்கு ஒருதரம் விழித்திரை பார்க்கணும். அதையும் போனை வச்சுப் பார்க்கலாம், ஆனால் கழகப் பிள்ளைகளின் வேலை இல்லை அது. மருந்து விடணும், டொக்டரோ அவர் பொறுப்பில் பழகினவரோ செய்யணும். முறை தெரிஞ்சிருக்கட்டும் என்று எழுதுறேன்.

முதலில் டோர்ச்சைக் காதுப் பக்கத்திலிருந்து கருவிழிக்குச் சமாந்தரமாப் பிடிச்சுப் பார்ப்பாங்க. கபில வட்டத்தின் மூக்குப் பக்கம் நிழலில் மூடிப்போனால் கண்ணின் முன்னறை குறுகல். அவருக்குக் கண்மணி விரிக்கிற மருந்து ஆபத்து, கண் அமுக்கம் திடீரென்று ஏறலாம். நிழல் விழாதவருக்கு ட்ரொபிகமைட் ஒரு துளி, பிறகு 20–30 நிமிஷம் காத்திருப்பு. அறையை இருட்டாக்கணும்.

போனை வீடியோவில் வச்சு லைட்டை எரிய விடணும். லைட் கடுமையானால் மைக்ரோபோர் பிளாஸ்டர் ஒரு துண்டை அதன்மேல் ஒட்டலாம். 20டி லென்ஸை (கண் டொக்டர் கையில் பிடிச்சு விழித்திரை பார்க்கிற வில்லை) கண்ணிலிருந்து 5 செ.மீ அளவில், வெள்ளி வளையம் நோயாளி பக்கம் இருக்கும்படி பிடிச்சு, சுண்டுவிரலை அவர் நெத்தியில் ஊன்றிக்கணும். ஊன்றாட்டி லென்ஸ் ஆடும், படம் ஓடும். போன் லென்ஸிலிருந்து இன்னும் ஒரு முப்பது செ.மீ பின்னால். முதலில் போனை வச்சு, செம்மஞ்சள் ஒளி தெரியும் கண்மணியைப் பிடிச்சு, அப்புறம் லென்ஸை நடுவில் கொண்டு வரணும். லென்ஸை முதலில் வச்சுக் கண்ணைத் தேடினால் சாயங்காலம் வரை தேடலாம். படம் லென்ஸில் வந்ததும் திரையை அழுத்திப் பிடிச்சு குவியத்தைப் பூட்டிடுங்க. பிரதிபலிப்பு நடுவில் விழுந்தால் லென்ஸைக் கொஞ்சம் சாய்க்கணும். பத்துப் பதினைஞ்சு செக்கன் வீடியோ போதும், அதிலிருந்து நல்ல படத்தைப் பிரிச்செடுக்கலாம்.

ரெண்டு இடத்தில் பிழையாகும். மூணு கமரா போன் கிட்டப் போனதும் தானா வேற கமராவுக்கு மாறும், லைட் ஒரு மூலை கமரா ஒரு மூலையாகிப் பாதி படம் இருட்டாகும். தானா மாறுறதை அணைங்க. மற்றது படம் தலைகீழாவும் இடம்வலம் மாறியும் இருக்கும். திருப்பாமல், வலது இடது என்று பேரை மட்டும் எழுதி அனுப்புங்க. ஒருத்தர் திருப்பி ஒருத்தர் திருப்பாமல் அனுப்பினால் டொக்டர் இல்லாத வருத்தத்தைத் தேடுவார்.

சென்னையில் போனோடு பொருத்துகிற விழித்திரைக் கமராவையும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளையும் 296 சீனி வருத்தக்காரரில் பார்த்து 2018இல் எழுதினாங்க. பார்வையைப் பறிக்கிற நிலையில் உள்ளதை 99.1 வீதம் பிடிச்சது. அது ரெமிடியோ கம்பனியின் தனிக் கருவி. கையில் பிடிச்ச லென்ஸுக்கு அதே எண்ணைச் சொல்லித் திரியாதீங்க.

படமே தெளிவா வரலையா? புரை மறைக்குதோ என்னமோ, அதுவும் அனுப்புறதுக்குக் காரணம்தான்.

இஸ்தோப்பு · பெப்ரவரி 6, இரவு 10.20

நம்ம ஊர்க் குளிருக்கு ஒன்று. வெளியிலிருந்து கொண்டு வந்த லென்ஸ் அறைக்குள் உடனே புகையும். முகக்கவசம் போட்டவரின் மூச்சு மேலே ஏறி இன்னும் புகைய வைக்கும். பத்து நிமிஷம் முன்னமே எடுத்து வையுங்க, முகக்கவசத்தின் மேல் ஓரத்தை பிளாஸ்டரால் ஒட்டுங்க. மழைமாசத்தில் பெட்டிக்குள் சிலிக்கா பொட்டலம் இல்லாட்டி லென்ஸில் பூஞ்சணம் பிடிச்சிடும், அப்புறம் எல்லாருக்கும் புரை.

மருந்து விட்டவரை அன்றைக்கு மலைக்கு அனுப்பாதீங்க. நாலஞ்சு மணி நேரம் கண் கூசும், கிட்டத்து எழுத்து தெரியாது, லயத்துப் படியில் கால் வழுக்கும். தொப்பியும் துணைக்கு ஓர் ஆளும் வேணும்.

மவுசாக்கலைக்காத்து · பெப்ரவரி 8, காலை 6.05

அண்ணே, கொழுந்து எடுக்கையில் கிளை கண்ணில் குத்தினால்? இங்க தாய்ப்பால் விடுறாங்க, நந்தியாவட்டைச் சாறு விடுறாங்க.

இஸ்தோப்பு · பெப்ரவரி 8, இரவு 8.50

ரெண்டும் வேணாம். தேயிலைக் கிளை குத்தின கண்ணில் பூஞ்சணப் புண் வரக்கூடும், அதில் இந்த மாதிரி எதை விட்டாலும் ஊட்டி வளர்க்கிற மாதிரி. அதைவிடக் கெட்டது, ஆரோ பாவிச்சு மிச்சம் வச்ச சிவந்த கண் மருந்துப் போத்தல். அதில் டெக்ஸாமெதசோன், பெட்டாமெதசோன், பிரெட்னிசோலோன் என்று எழுதியிருந்தால் ஸ்டீரொய்ட். கண் சிவப்பு மாறி நல்லாகுது என்று நினைப்பாங்க, உள்ளே புண் ஓட்டையாகும். போத்தலின் சிட்டையைப் படம் பிடிச்சு அனுப்பச் சொல்லுங்க. போன் செய்யக்கூடிய மிகச் சுலபமான உபகாரம் இது.

நேபாளத்தின் பக்தபூரில் கிராமத் தொண்டர்களே கீறல் விழுந்த கண்ணுக்கு 1 வீத குளோரம்பெனிக்கோல் களிம்பை நாளுக்கு மூணு தரம், மூணு நாள் போட்டாங்க. உடனே போட்டவங்களுக்குப் புண்ணாகவில்லை என்று 2001இல் எழுதியிருக்காங்க. நீங்களே தொடங்காதீங்க, தோட்ட வைத்திய உதவியாளரிடம் இதைக் கேளுங்க. முதல் நாளே கீறலைக் காட்ட வைக்கிறது உங்க வேலை.

களைநாசினி, சுண்ணாம்பு தெறிச்சால் படம் எடுக்க நிற்காதீங்க. ஓடுற பீலித் தண்ணியில் இமையை விரிச்சு அரைமணி நேரம் கழுவணும். அப்புறம் 1990 அம்பியுலன்ஸுக்குக் கோல் எடுங்க. கடும் வலி, சிவப்பு, வாந்தி, லைட்டைச் சுத்தி வானவில் வளையம், இதெல்லாம் சேர்ந்து வந்தாலும் அன்றைக்கே.

வெறுந்தேத்தண்ணி · பெப்ரவரி 9, மாலை 4.30

வட்ஸ்அப்பில் சாதாரணமாப் போட்டால் படம் நசுங்கும், சிவப்புப் புள்ளியெல்லாம் காணாமப் போகும். டொக்கியுமெண்ட் ஆக இணைச்சு அனுப்புங்க. ஆனால் அப்படி அனுப்பினால் எடுத்த இடம், நேரம் எல்லாம் படத்தோடயே போகும். கமராவில் இடம் பதியிறதை முன்னமே அணையுங்க. முகம் வேணாம், கண் மட்டும். பேருக்குப் பதில் கொப்பி நம்பர். இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுச் சட்டத்தில் சுகாதார விபரத்துக்குத் தனிக் கவனம் உள்ளது. இருபது பேர் உள்ள கழகக் குழுவில் பெரியாயியின் கண்ணைப் போடாதீங்க.

இஸ்தோப்பு · பெப்ரவரி 10, இரவு 9.10

இனிக் கொப்பி. ஆப்பை விட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

கென்யாவில் பள்ளிப் பிள்ளைகளை வச்சு ஓர் ஆய்வு, 2018. பழைய முறையில் 'ஆஸ்பத்திரிக்குப் போ' என்று துண்டு குடுத்தவங்களில் 22 வீதம் போனாங்க. பீக் முறையில், பிள்ளைக்கு உலகம் எப்படி மங்கலாத் தெரியுது என்று படத்தில் காட்டி, பெற்றோருக்குத் திரும்பத் திரும்பக் குறுஞ்செய்தி அனுப்பினதில் 54 வீதம் போனாங்க. கண்டுபிடிச்சதில் கிட்டத்தட்டப் பாதி அப்பவும் போகலை.

நம்ம ஆள் ஏன் போகமாட்டார்னு உங்களுக்கே தெரியும். கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ போனால் அன்றையப் பேர், அதாவது நாட்சம்பளம், போச்சு, துணைக்கு வந்தவருக்கும் போச்சு. ஒப்பரேஷனுக்கு முன்னாடி ரெண்டு மூணு தரம் நடக்கணும். அதனால் கொப்பியில் இந்த நிரல்கள்: நம்பர், லயம், வலது, இடது, துளையோடு எவ்வளவு, அனுப்பின திகதி, போன திகதி, டொக்டர் சொன்னது, அடுத்த திகதி. 'போன திகதி' வெறுமையா இருக்கிற வரிசையை ஞாயிறு தோறும் வாசிங்க. ஒரே கிளினிக் நாளுக்கு அஞ்சாறு பேரைச் சேர்த்தால் ஒரு வேன், ஒரு துணை. முதல் நாள் சாயங்காலம் கோல் எடுங்க, சிக்னல் இல்லாத லயத்துக்கு ஆள் போகணும்.

யார் முதல்? நல்ல கண்ணிலேயே 3/60 தெரியாதவர் உலக சுகாதார நிறுவனக் கணக்கில் பார்வையற்றவர். அவர் முதல். பிறகு 6/60 தெரியாதவர், பிறகு 6/18. ஒரு கண் மட்டும் போனவர் மற்றக் கண்ணால் சமாளிச்சுக்கிட்டு வரவே மாட்டார். அவரைத் தனியாக் குறிச்சு வையுங்க.

சீனிக்காரரைக் கண்ணுக்கென்று தனியா இழுக்காதீங்க. எப்படியும் சீனிக் கிளினிக்குக்கு வர்றார்தானே, விழித்திரைப் படத்தை அங்கேயே அதே நாளில் எடுக்கக் கேளுங்க. இன்னொரு பேர் போகாது.

மவுசாக்கலைக்காத்து · பெப்ரவரி 11, இரவு 7.45

பெரிய துரை கேட்கிறார், இதனால் தோட்டத்துக்கு என்ன லாபமாம்.

இஸ்தோப்பு · பெப்ரவரி 11, இரவு 8.15

அவருக்கு விளங்குற பாஷையில் சொல்லுங்க. அசாமில் 40 வயசு தாண்டின 751 தேயிலைத் தொழிலாளரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி குடுத்துப் பார்த்தாங்க. 2018இல் வந்த ஆய்வு. கண்ணாடி கிடைச்சவங்களின் கொழுந்து மற்றவங்களை விட 21.7 வீதம் கூடுதலா உயர்ந்தது. ரெண்டு இலையும் மொட்டும் கிட்டத்துப் பார்வை வேலைதானே. கிலோ எட்டாமல் அரைப்பேர் விழுறவரில் எத்தனை பேருக்கு விரல் மெதுவாச்சு, எத்தனை பேருக்குக் கண் மங்கிச்சு என்று இதுவரை ஆர் பிரிச்சுப் பார்த்தா?

கிட்டத்துப் பார்வையை 40 செ.மீயில் சோதிக்கணும், அதுக்கும் கயிறு. ரெடிமேட் கண்ணாடி 1, 1.5, 2, 2.5 எடுத்து, கொழுந்துக் கிளை ஒன்றைக் கையில் குடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. தெளிவாத் தெரியிறதில் குறைஞ்ச பவரைக் குடுங்க. தூரத்துக்கு அதைப் போட்டு நடந்தால் சரிவில் தடுக்கும், கழுத்தில் தொங்க நூல் கட்டிக் குடுங்க.

வெறுந்தேத்தண்ணி · பெப்ரவரி 12, காலை 7.00

பிள்ளை மடுவத்தையும் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) சேருங்க. கைக்குழந்தையை மங்கல் வெளிச்சத்தில், ஒரு மீட்டர் தள்ளி, பிளாஷோடு படம் எடுத்தால் ரெண்டு கண்மணியும் ஒரே மாதிரிச் சிவப்பா வரணும். போனில் சிவப்பை நீக்குற வசதியை அணைச்சுட்டுத்தான். ஒன்று வெள்ளையா வந்தால் விழித்திரைப் புற்றோ பிறவிப் புரையோ இருக்கலாம். குழந்தை மூக்குப் பக்கம் கொஞ்சம் பார்த்தாலும் ஒளி பார்வை நரம்பு முனையில் பட்டு வெள்ளையாத் தெரியும். அதனால் நேராப் பார்க்க வச்சு இன்னும் மூணு எடுங்க. அப்பவும் வெள்ளையென்றால் அந்தக் கிழமையே ஆஸ்பத்திரி. அடுத்த முகாம் வரை வச்சிருக்கிற விஷயமில்லை.

மவுசாக்கலைக்காத்து · பெப்ரவரி 16, மாலை 5.20

முதல் லயம் முடிஞ்சுது, 31 பேர். ஆனால் காலையில் சோதிச்சவங்களை விடப் பின்னேரம் சோதிச்சவங்களுக்குப் பார்வை மோசம். ஈயை அளந்தேன், 5.8 சரியா இருக்கு. வெளிச்சமும் பக்கவாட்டில்தான்.

இஸ்தோப்பு · பெப்ரவரி 16, இரவு 8.00

கயிறு என்ன கயிறு?

மவுசாக்கலைக்காத்து · பெப்ரவரி 16, இரவு 8.04

நைலோன். அளந்து பார்த்தேன் அண்ணே. 2 மீட்டர் 11 செ.மீ இருக்கு.

இஸ்தோப்பு · பெப்ரவரி 16, இரவு 8.20

இழுத்து இழுத்து நீண்டிருக்கு. தையல்காரர் நாடாவோ இழுபடாத சணலோ வாங்குங்க, ஒவ்வொரு லயத்துக்கும் முன்னாடி அளங்க. 11 செ.மீ கூடினால் 6/12க்குக் கேட்கிறதா நினைச்சு நீங்க கேட்டிருக்கிறது 6/11.4. மயிரிழையில் தோத்தவங்களைத்தான் இது பாதிக்கும், 6/60 தெரியாதவர் கயிற்றால் அப்படி ஆகலை. பின்னேரம் 6/12இல் தோத்தவங்களை மட்டும் திரும்பக் கூப்பிடுங்க. பின்னேரம் வந்தவங்க மலையிலிருந்து நேரா வந்தவங்களா என்றும் கேளுங்க. களைச்ச ஆள் விரலை நீட்டவே சோம்பல்படுவார். ஒரு தேத்தண்ணி குடுத்து உட்கார வச்சுட்டுச் சோதிங்க.